பழையதுக்கு வந்த புது மவுசு

மார்ச் 20ஆம் தேதி வந்தால் ஒடிசாக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தங்கள் சாப்பாட்டைப் படம் பிடிக்கிறார்கள். கிண்ணத்தில் தண்ணீரில் மூழ்கிய சோறு. பக்கத்தில் வதக்கிய கீரை, பொரித்த சின்ன மீன், மசித்த உருளைக்கிழங்கு, கடித்துக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும். புவனேஸ்வரம், பெங்களூர், துபாய் என்று எங்கிருந்தெல்லாமோ இந்தப் படங்கள் சமூக ஊடகங்களில் வந்து குவிகின்றன. அன்று ‘பகாளா தினம்’. எந்த அரசாங்கமும் உத்தரவு போட்டுத் தொடங்கிய விழா அல்ல. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மக்களாகவே பிடித்துக்கொண்ட வழக்கம்.

பகாளா என்ற பெயரைக் கேட்டதும் தமிழர்களுக்குப் பகாளாபாத் ஞாபகம் வரும். அது தயிர்சாதம். இது பழைய சோறு. சோற்றில் அப்போதே தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டால் ‘சஜா’ பகாளா. இரவெல்லாம் ஊறிப் புளித்தால் ‘பாசி’ பகாளா. தயிர் சேர்த்தால் ‘தஹி’ பகாளா. பூரி ஜகந்நாதருக்குப் படைக்கும் நைவேத்தியங்களிலும் பகாளாவுக்கு இடம் உண்டு. சோறு ஊறிய தண்ணீருக்குத் ‘தோராணி’ என்று தனிப் பெயர். சோற்றைத் தின்றுவிட்டு அதைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார்கள். தமிழ்நாட்டு நீராகாரம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று பெருமையாகப் படம் போடுகிறவர்களில் பலர், பள்ளிக்கூட நாட்களில் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டால் வாய் திறந்திருக்க மாட்டார்கள். டவுனில் டிபன் என்றால் பூரி, உப்புமா, பிரெட். பழையது என்றால் வயலுக்குப் போகிறவர்களின் சாப்பாடு. ஊரை விட்டுப் போன பிறகுதான் நாக்கு அதைத் தேட ஆரம்பித்தது. கஞ்சாம் மாவட்டத்திலிருந்து சூரத் விசைத்தறிகளுக்குப் போன தொழிலாளிக்கும், கட்டாக்கிலிருந்து பெங்களூர் கணினி நிறுவனத்துக்குப் போன பொறியாளருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. பிரியாணி எந்த நேரமும் கிடைத்தது. பழையது கிடைக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு பரிமாறும் பண்டமாக அதை யாரும் நினைத்ததில்லை. 2020 ஊரடங்கில் ஓட்டல்கள் மூடப்பட்டு, வீட்டுச் சமையலைத் தவிர வேறு வழியில்லை என்று ஆனபோது, பலர் அதைத் தாங்களே செய்துபார்க்கத் துணிந்தார்கள்.

செய்வதற்கு என்ன இருக்கிறது, சோற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானே என்று நினைத்தவர்களுக்கு மறுநாள் காலையில் ஏமாற்றம். சோறு கரைந்து கூழாகிக் கிடக்கும். அல்லது புளிக்காமல் வெறும் ஈரச் சோறாக இருக்கும். அம்மா ஒருநாளும் யோசித்துச் செய்ததாகத் தெரியாத ஒன்று, கைக்குப் பிடிபட மறுக்கும்.

முதல் காரணம் அரிசி. புழுங்கல் அரிசி வேகவைத்துக் காயவைத்த நெல்லிலிருந்து வருவது. அதன் சோறு இரவெல்லாம் ஊறினாலும் பருக்கை பருக்கையாக நிற்கும். நகரத்துக் கடைகளில் வாங்கும் பச்சரிசி சீக்கிரம் குழைந்துவிடும். பாஸ்மதி மணக்கும், ஆனால் தண்ணீரில் ஊறிய பிறகு அந்த மணத்துக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவது காரணம் குக்கர். நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்த சோறுதான் பழையதுக்கு வாகு. அளந்த தண்ணீரில் விசிலடித்து வெந்த சோற்றில் கஞ்சியெல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஊறும்போது அது தண்ணீரைக் குழப்பிவிடும். மூன்றாவது காரணம் பிரிட்ஜ். மீந்த சோற்றை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய உறங்கிவிடும். நான்காவது, ஊரின் தட்பவெப்பம். கட்டாக்கின் மே மாத இரவுக்கு எட்டு மணி நேரம் போதும். டெல்லியின் ஜனவரி இரவில் பன்னிரண்டு மணி நேரமானாலும் சோறு அசையாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு முறை எளிதுதான். புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்து, பரப்பி ஆறவிட வேண்டும். சூடு தணிந்ததும் தாமதிக்காமல், சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். மண் சட்டி இருந்தால் நல்லது. வெளிப்புறம் ஈரம் கசிந்து உள்ளே குளிர்ச்சி தரும். முந்தைய நாள் தோராணியில் ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் ஏறும். சோற்றை வெறுமனே மணிக்கணக்கில் வெளியே விட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. வெதுவெதுப்பான சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மெல்லிய புளிப்பு வாசம் சரி. நூல் விட்டாலோ, நாற்றம் அடித்தாலோ கொட்டிவிட வேண்டும்.

சோறு அமைந்த பிறகுதான் தொடுகறியின் கவலை. ஒடிசா வீடுகளில் ‘படி சூரா’ இல்லாத பகாளா அரைச் சாப்பாடு. ஊறவைத்த உளுத்தம்பருப்பை அரைத்து, சாம்பல் பூசணித் துருவல் சேர்த்து, குளிர்கால வெயிலில் கிள்ளி வைத்துக் காயவைக்கும் வடகம்தான் ‘படி’. அதை வறுத்து, பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாயோடு இடித்துக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தால் சூரா. பிசைய ஐந்து நிமிடம் போதும். வடகம் காயவைக்கப் பல நாட்களும் ஒரு மொட்டை மாடியும் வேண்டும். அதனால் அது பெரும்பாலும் ஊரிலிருந்து பொட்டலமாகத்தான் வருகிறது.

இந்தக் கிண்ணம் ஒடிசாவுக்கு மட்டும் சொந்தமல்ல. வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், சத்தீஸ்கரில் போரே பாசி, கேரளத்தில் பழங்கஞ்சி. நெல் விளைந்து, வெயிலும் சேர்ந்த இடத்தில் எல்லாம் இதே யோசனை தோன்றியிருக்கிறது. 2021இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் இறுதிப் போட்டியில் வங்காளதேச வம்சாவளியைச் சேர்ந்த கிஷ்வர் சவுத்ரி பாந்தா பாத்தைப் புகையூட்டி, உருளைக்கிழங்கு மசியலும் மீனும் வைத்து நடுவர்கள் முன் நீட்டினார். அவருக்கு மூன்றாம் இடம். சமூக ஊடகங்களில் பாந்தா பாத் பெரிய பேச்சானது. அடுத்த ஆண்டு மே தினத்தில் சத்தீஸ்கரின் அன்றைய முதல்வர் பூபேஷ் பகேல், உழைப்பாளிகளுக்கு மரியாதையாக எல்லோரும் போரே பாசி சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிகாரிகளும் கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. குழந்தைக்கு ஆறுதலான அந்தக் கிண்ணம், அதைத் தந்தவளுக்கு என்னவாக இருந்தது? பல வீடுகளில் புதுச் சோறு ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் போனது. நேற்றைய மிச்சம், எல்லோரும் எழுந்துபோன பிறகு, அடுப்படியில் உட்கார்ந்த பெண்ணின் தட்டுக்கு வந்தது. பழையது அவளுக்கு ருசி என்பதைவிடக் கணக்கு. ஒரு பருக்கை வீணாகக் கூடாது. காலையில் விறகைச் செலவழித்து மறுபடி உலை வைக்கவும் கூடாது.

வங்காளத்து வீடுகள் பலவற்றில் பாத்ர மாதக் கடைசி நாளில் அடுப்பே மூட்டுவதில்லை. ‘அரந்தன்’ என்று பெயர். முதல்நாள் இரவே சமைத்து வைத்ததை மறுநாள் ஆறிப்போனதாகச் சாப்பிடுவார்கள். பாந்தா பாத்துக்கு அங்கே முதலிடம். அடுப்புக்கு ஓய்வு என்கிறார்கள். அடுப்பின் முன் நிற்பவளுக்கும் அன்று கொஞ்சம் ஓய்வு. முதல்நாள் இரவு கண்விழித்தது போக.

சொந்தக் கையால் பழையது செய்துபார்ப்பதன் லாபம் இங்கேதான் இருக்கிறது. ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டால் ருசி மட்டும் திரும்பக் கிடைக்கும். வீட்டில் செய்தால் அதன் பின்னால் இருந்த வேலையும் கண்ணில் படும். நாளைக் காலைக்கு இன்று இரவே யோசிக்க வேண்டும். வடித்த கஞ்சியை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். வடகத்துக்கு வெயில் பார்க்க வேண்டும். அளவு கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடும் மகனுக்கு “கை பார்த்து ஊற்று” என்பதைத் தவிர அம்மாவால் வேறு பதில் சொல்ல முடியாது. அவளிடம் அளவு எழுதிய ஏடு இல்லை. மூன்று நான்கு முறை கெட்டுப்போன பிறகு மகனின் கைக்கும் அது பழகிவிடும். எழுதி வைக்காத இந்தப் படிப்பு ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் நின்றுபோகும். கேட்கிறவர்கள் இப்போதே கேட்பது நல்லது.

வெயில் ஏறும் முன் தோராணி குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் இன்றும் ஒடிசாவில் இருக்கிறார்கள். மார்ச் 20 அவர்களுக்கு எல்லா நாளையும் போல ஒரு நாள். பழையது அவர்களுக்கு ஞாபகம் அல்ல, காலைச் சாப்பாடு.