நூடில்ஸ் விற்கிற நாம் அதைச் சமைத்துப் பார்த்திருக்கிறோமா?

வியாபார சகோதரர்களே, இந்த வாரம் கணக்கு வழக்கை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவோம்.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில், மண்டூரில் எனக்குப் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. குருமண்வெளித் துறையில் பாதையில் சரக்கை ஏற்றி அக்கரையில் இறக்கிய காலத்திலிருந்து வந்த பழக்கம். யுத்தத்தில் அறுந்துபோன அந்தப் போக்குவரத்து 2007க்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் திரும்பியது. அப்போது நான் கொண்டுபோன சாமான்களில் சீனி, பருப்பு, சவர்க்காரத்தோடு நூடில்ஸ் பெட்டியும் இருந்தது.

ஒரு நாள், நான் சரக்குப் போடும் சின்னக் கடையொன்றில் மூன்று பக்கற்றுகள் எனக்காகக் காத்திருந்தன. "காக்கா, இதத் தின்ன ஏலாதாம். சவுக்காரம் மணக்குதாம். புள்ளையள் துப்பிப்போட்டுதுகளாம்" என்றார் கடைக்காரத் தங்கச்சி. பிழை கம்பனியில் இல்லை. சவர்க்காரப் பெட்டியையும் நூடில்ஸ் பெட்டியையும் ஒரே படங்கின் கீழ் இறுக்கிக் கட்டி, உச்சி வெயிலில் கொண்டுபோனவன் நான்தான். மூன்று பக்கற்றின் காசு ஒரு காசல்ல. ஆனால் அந்தத் தாய் வயல் வேலைக்குப் போகிற நாளில், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து தாங்களே அவித்துத் தின்னட்டும் என்று நம்பி வாங்கி வைத்தது அது. அன்று பின்னேரம் அவர் வீடு திரும்பும்வரை பிள்ளைகள் பட்டினி. இதைக் கேட்டபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அதன் பிறகுதான் இந்தச் சாமான் என்ன, எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன். உடனடி நூடில்ஸை 1958இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் யப்பானில் வாழ்ந்த மொமொஃபுகு அண்டோ. தாம் தலைமை வகித்த கடன் சங்கம் முறிந்து, சொத்தையெல்லாம் இழந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் இருந்து இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 48. ஐம்பதை எட்டியவுடன் "இனி நமக்கென்ன" என்று கல்லாவில் சாய்ந்து கொள்ளும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவர் கண்ட சூத்திரம் இதுதான்: மாவை இழையாக்கி, ஆவியில் அவித்து, எண்ணெயில் பொரிப்பது. பொரிக்கும்போது ஈரம் வெளியேறி, இழைக்குள் நுண்ணிய துளைகள் விழும். கொதிநீர் அந்தத் துளைகளால் உள்ளே போவதால்தான் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடுகிறது. பொரித்த சாமான் என்பதால் வெயில் பட்டால் எண்ணெய் சிக்கு மணம் அடிக்கும். பக்கத்தில் என்ன வைத்தாலும் அதன் மணத்தையும் பிடித்துக்கொள்ளும். 2008இல் யப்பானிலேயே கோப்பை நூடில்ஸில் பூச்சி உருண்டையில் சேர்க்கும் இரசாயனம் காணப்பட்டு, நிஸ்ஸின் கம்பனி சுமார் 5 இலட்சம் கோப்பைகளைத் திரும்பப் பெற்றது. கடை வாசலில் மாலை மாலையாக வெயிலில் தொங்கவிடுகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இனிச் சமையல். பக்கற்றை மட்டும் அவித்துக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. அதில் இருப்பது பெரும்பாலும் கோதுமை மா, எண்ணெய், உப்பு. எங்கள் வீட்டில் செய்வது இப்படி. ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் வெங்காயம், உள்ளி, பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை போட்டு வதக்கி, கிடைத்தால் உரித்த வாவி இறால் ஒரு பிடி சேர்ப்போம். இரண்டு பக்கற்றுக்கு நாலு தேநீர்க் கோப்பை தண்ணீர். கொதி வந்ததும் நூடில்ஸும் முருங்கையிலையும் போட்டு, தூளில் பாதியை மட்டும் தூவி, இரண்டு நிமிடத்தில் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுவோம். முட்டை இறுகியதும் இறக்கி வைத்துத் தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

யப்பானியர் ராமென் என்று சாப்பிடுவதும் இப்படிச் சாற்றோடுதான். நாம் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றுவதில்லையா, அதே சங்கதி. மிஞ்சிய சொதியைச் சூடாக்கி, தனியாக அவித்து வடித்த நூடில்ஸில் ஊற்றிப் பாருங்கள், தூளே தேவைப்படாது. கொத்துப் போல வேண்டுமென்றால் அரை வேக்காட்டில் வடித்து ஆறவிட்டு, கோவா, லீக்ஸ், முட்டையோடு தாச்சியில் பெரிய நெருப்பில் பிரட்டலாம். ஆறாமல் பிரட்டினால் களியாகிவிடும்.

தூளில் பாதி என்றேன், காரணம் உண்டு. பக்கற்றின் பின்னால் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 என்றிருந்தால் 2 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. பச்சையாக நொறுக்கி, தூளை முழுதாகக் கொட்டிக் குலுக்கித் தின்னும் பிள்ளைகளைக் கடை வாசலில் பார்த்தும் நாம் பேசாமல் இருக்கிறோம்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. பக்கற்றின் விலையைக் கம்பனி அச்சடித்து விடுகிறது. அதில் நமக்கு மிஞ்சுவது சொற்பம். பக்கத்தில் முட்டையும் கீரைக்கட்டும் தேசிக்காயும் வைத்து, "இதைப் போட்டு ஆக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவையும் சேர்ந்து போகும்.

இன்னொன்று. வெளிநாட்டு ராமென் பக்கற்றுகளில் பன்றி எலும்புச் சாறு கலந்தவையும் உண்டு என்பதால் நாம் ஹலால் இலச்சினையைத் தேடுகிறோம். அதே கவனம் வாங்குபவரின் மார்க்கத்துக்கும் வேண்டும். மண்டூர் முருகன் கோவில் திருவிழாக் காலத்தில் மச்சம் தின்னாமல் விரதம் இருப்பவர்களுக்கு, "நூடில்ஸ்தானே" என்று கோழிச் சுவைப் பக்கற்றைத் தள்ளிவிடுவது நம்பிக்கைக்கு அழகல்ல. மரக்கறிச் சுவைதானா என்று பின்பக்கத்தை வாசித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். திருவிழாவுக்கு இரண்டு கிழமை முன்பே நான் அந்த வகையைத்தான் கூடுதலாக ஏற்றுவேன்.

இப்போது என் வண்டியில் நூடில்ஸ் முன்னால், சவர்க்காரம் பின்னால். இருந்தும் அந்தத் தங்கச்சி பெட்டியை உடைத்ததும் ஒரு பக்கற்றை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்துவிட்டுத்தான் காசை எண்ணுகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை, பார்த்து முடியட்டும் என்று நிற்பேன்.