நாய் விருந்தாளி, பூனை வீட்டுக்காரர்

பண்டிகை விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும்போது, வளர்க்கிற நாயை எங்கே விடுவது என்று தெரியாமல் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிற சொந்தக்காரர்கள் இப்போது அதிகம். வந்து இறங்குகிற வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தால்? "அதெல்லாம் பழகிடும், ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். சொன்னதோடு நிற்க மாட்டார். பூனையைத் தூக்கிக்கொண்டு போய் நாயின் மூக்குக்கு நேராக நீட்டுவார். அரை நிமிடம்தான்... தூக்கியவர் கையில் நாலு கோடு, பூனை பீரோ மேலே, நாய் கீழே நின்று குரைத்துக்கொண்டு இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் பழி பூனை மேல்: "இந்தப் பூனைக்குத் திமிர் ஜாஸ்தி!"

இது திமிரே இல்லை. பூனை கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கன்னத்திலும் மோவாயிலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தேய்த்த இடத்திலெல்லாம் தன் வாசனையை விட்டுப் போகிறது. நம் மூக்குக்கு அது எட்டாது. பூனைக்கோ அதுதான் வீட்டுப் பட்டா. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடிப் பிழைத்தது. நாயின் மூதாதை கூட்டமாக வாழ்ந்த ஓநாய். அதனால் எசமானர் கூட இருந்தால் போதும், பெரும்பாலான நாய்கள் புது வீட்டிலும் சமாளித்துக்கொள்ளும். பூனைக்கு அப்படி இல்லை. தெரிந்த இடம் தெரிந்தபடி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரே நாளில் வேறொரு மிருகத்தின் வாடை நிரம்பினால் அது என்னதான் செய்யும்?

நாயும் பூனையும் ஒன்றாகப் படுத்துத் தூங்குகிற வீடுகள் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருக்கின்றன. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒன்றாக வளர்க்கும் வீடுகளைக் கவனித்து 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்ன வயதிலேயே பழகிய ஜோடிகள்தான் நன்றாக ஒத்துப்போகின்றன என்பது அதில் தெரிந்தது. ஆனால் அது ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் மிருகங்களின் கதை. நம் விஷயம் மூன்று நாள் விருந்து. மூன்று நாளில் சிநேகம் உண்டாக்கப் பார்ப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். வந்த நாய் திரும்பிப் போகிற வரை பூனை வழக்கம்போலச் சாப்பிட்டு, தூங்கி, மண் தட்டுக்குப் போய்வந்தால் போதும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

நாய் வருவதற்கு முதல் நாளே ஓர் அறையைப் பூனைக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். அது வழக்கமாகத் தூங்குகிற அறையாக இருந்தால் நல்லது. சாப்பாடு, தண்ணீர், மண் தட்டு, ஏற்கெனவே படுத்துப் பழகிய பழைய துணி எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். துணியைத் துவைத்து வைக்காதீர்கள், வாசனை போய்விடும்! பரணோ அலமாரி மேல்தட்டோ, ஏறி உட்கார ஓர் உயரமான இடம் கட்டாயம் வேண்டும். மேலே இருந்து பார்க்க முடிந்தாலே பூனைக்குப் பாதி பயம் குறையும். கதவு சாத்தியே இருக்கட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் நாய் வந்து மோப்பம் பிடித்தால் பெயர் சொல்லி இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பூனை தானாக வெளியே வர விரும்பினால் வரட்டும், ஆனால் அப்போது நாய் கயிற்றில் இருக்க வேண்டும். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் சுபாவம். விளையாட்டுக்குத்தான் துரத்துகிறது என்பது பூனைக்கு எப்படித் தெரியும்? வாலாட்டுவதிலும் இதே குழப்பம். நாய் சந்தோஷத்திலும் வாலாட்டும். பூனை வாலை வேகமாக இப்படியும் அப்படியும் அடித்தால் எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அதைத் தூக்கக் கூடாது. பயந்த பூனை கையில் கிடைத்தவரைக் கடித்துவிடும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். "வீட்டுப் பூனைதானே" என்று விட்டுவிடுவது சரியல்ல.

இதில் பெரிய தடை நாயோ பூனையோ இல்லை, நம் முகதாட்சண்யம்தான். "நாயைக் கட்டிப் போடுங்கள் என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது, மனசு கஷ்டப்படுமே" என்று பூனையின் கஷ்டத்தை ஓரம் தள்ளிவிடுகிறோம். கிளம்புவதற்கு முன்பே போனில் "மாமா, டாமியோட கயிறு, படுக்கை எல்லாம் எடுத்துட்டு வாங்க, பூனை இருக்கிற ரூம் பக்கம் மட்டும் விட வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் எந்த மாமாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரே அறை உள்ள வீடு என்றால், நாயை வேறு இடத்தில் தங்க வைக்கச் சொல்வதே நியாயம். வீட்டுப் பூனையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது தீர்வாகாது.

இவ்வளவு அலட்டல் தேவையா என்பவர்களுக்கு ஒரு விஷயம். மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல் என்பதால் அடைப்பே வந்துவிடலாம். மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் உயிரே போகும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாலும் அவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

விருந்தாளிகள் போன பிறகு வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவுகிற வழக்கமும் இருக்கிறது. பீனால் கலந்த கிருமிநாசினிகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. தரையில் நடந்து காலை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். நாய் படுத்த விரிப்பைத் துவைத்துப் போட்டு, சோப்புத் தண்ணீரால் தரையைத் துடைத்தால் போதும். அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். பூனை வெளியே வந்து ஒவ்வொரு கதவு நிலையாகக் கன்னத்தைத் தேய்க்க ஒரு நாள் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம்.