தீர்ப்புக்கு முந்தைய தண்டனை

ஜாமீன் என்பதே நீதிமன்றம் காட்டும் சலுகை, சலுகை பெற்றவர் நிபந்தனைகளைக் குறைசொல்ல உரிமையில்லாதவர் என்று வாதிடும் கட்டுரையொன்று சகபத்திரிகை ஒன்றில் வெளியாகியிருக்கிறது. தொண்ணூறுகளில், தண்டனையையும் கண்காணிப்பையும் ஆராய்ந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவை முன்வைத்து இரவெல்லாம் விவாதித்த ஒரு சூழலிலிருந்து இந்தக் குரல் எழுவது வேதனை தருகிறது. குற்றம் நிரூபிக்கப்படாதவர் வெளியில் இருப்பதுதான் இயல்பு நிலை. அவர் தலைமறைவாகாமல், சாட்சிகளைக் கலைக்காமல், வாய்தா தவறாமல் வர எது தேவையோ அதுவே நிபந்தனையின் எல்லை. அதைத் தாண்டியது எதுவும் தீர்ப்புக்கு முன்பே விதிக்கப்படும் தண்டனை. தினமும் காலையில் வெளியூர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடு என்றால், வசதியுள்ளவர் அங்கே அறையெடுத்துத் தங்குவார். அன்றாடங்காய்ச்சிக்குப் பிழைப்பே போய்விடும். 1978இல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டது இந்த அநீதியைத்தான். ஏழைக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட மாஜிஸ்திரேட், அண்ணன் தம்பி உறவில் வந்த ஜாமீன்தாரரையும் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்தார். தமிழனோ மலையாளியோ வடக்கே கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று கேட்டது அந்தத் தீர்ப்பு. சட்டமொழிக்குள் அத்தனை அறச்சீற்றம் புகுந்த காலம் அது. 

பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகார் கொடுத்தவரை நெருங்காதே, பேசாதே என்ற உத்தரவு அவசியமானது, ஏனென்றால் அதற்கு நோக்கம் உண்டு. நோக்கத்தை மறந்த நிபந்தனை பாதிக்கப்பட்டவரையே வதைக்கும். 2020இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், பாலியல் அத்துமீறல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை, இனிப்போடு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்னது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024இல், ஜாமீன் பெற்றவர் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமென்ற நிபந்தனையையும் அது நீக்கியது.

ஓயாத கண்காணிப்பு நமக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்து ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு சாதியில் பிறந்ததையே குற்றமாக்கி, இரவுகளைக் காவல் நிலையத்திலும் சாவடியிலும் கழிக்க வைத்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் கிராம மக்களை 1920 ஏப்ரலில் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அன்றும் ஒழுங்கின் பெயரால் அதை ஆதரிக்கப் படித்தவர்கள் இருந்தார்கள். நமது கோரிக்கை எளியது: விதிக்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அதன் காரணத்தை நீதிபதி உத்தரவிலேயே எழுத வேண்டும். எழுத முடியாத நிபந்தனையைக் கைவிட வேண்டும்.