தேங்க்ஸ் லிஸ்ட்ல நம்ம பேரும் இருக்கு!

செப்டம்பர் 5 வந்தா வாத்தியாருங்களுக்கு ரோஜாப்பூ, கேக், பேனா செட்னு அமர்க்களப்படுத்துறோம். அன்னிக்கு நன்றி சொல்றது நம்ம டர்ன். சரி, வாத்தியாருங்க யாருக்கு நன்றி சொல்வாங்க? அதுவும் நேத்து வரைக்கும் நம்மள மாதிரி பெஞ்ச்சைத் தேய்ச்சுட்டு, இன்னிக்கு சாக்பீஸோட உள்ள வர்ற புது வாத்தியார்?

எங்க டிபார்ட்மென்ட்டுக்கு இந்த செமஸ்டர்தான் வந்த மேடம்கிட்டயே கேட்டுட்டேன். எம்.இ. முடிச்ச கையோட வந்தவங்க, வயசு 24. ஃபைனல் இயர் அக்காங்களோட நின்னா யார் ஸ்டாஃப், யார் ஸ்டூடன்ட்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். முதல் நாள் கேட்ல செக்யூரிட்டி அண்ணனே, "ஐ.டி. கார்டு எங்கம்மா?"ன்னு நிறுத்திட்டாராம். "பேர் மட்டும் போடாதப்பா"ன்னு கண்டிஷன் போட்டுட்டுத்தான் பேச ஆரம்பிச்சாங்க.

"முதல் நன்றி எங்க அம்மாவுக்கு. எம்.இ. படிச்சிட்டு வாத்தியார் வேலையான்னு சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க. கூடப் படிச்சவங்க ஐ.டி. கம்பெனிக்குப் போய்ட்டாங்க. அம்மா பத்தாவதுதான் படிச்சிருக்காங்க. ஆனா, தினமும் ராத்திரி சமையல்கட்டு வாசல்ல உட்கார்ந்து, மறுநாள் நான் எடுக்கப் போற பாடத்தை முழுசா கேட்பாங்க. 'புரியுதாம்மா?'ன்னா, 'அதெல்லாம் எனக்கெதுக்கு, கடைசி வரி வரவர உன் குரல் உள்ள போயிடுது, சத்தமா பேசு'ம்பாங்க. பி.எட். படிச்சிருந்தாலும் இதைத்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க!"

ரெண்டாவது, லேப் அசிஸ்டென்ட் அண்ணன். முதல் லேப் அன்னிக்கு சி.ஆர்.ஓ.ல அலையே வரலையாம். மேடத்துக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. அண்ணன் ஒரு வார்த்தை பேசாம வந்து, ப்ரோபை மட்டும் மாத்திட்டுப் போய்ட்டார். மொத்த பேட்ச்சும் அதை கவனிக்கவே இல்லை. "அன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்தினது யுனிவர்சிட்டி ரேங்க் இல்லப்பா, அந்த அண்ணன்தான்"னு சிரிக்கிறாங்க.

மூணாவது, அதே சப்ஜெக்ட்டைப் பல வருஷம் எடுத்த சீனியர் சார். தன்னோட பழைய நோட்டைத் தூக்கிக் குடுத்துட்டாராம். மார்ஜின் முழுக்க பென்சில் குறிப்பு. 'இங்க பசங்க குழம்புவாங்க', 'இந்தக் கணக்கை ரெண்டு தடவை போடு', 'இதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம் சும்மா பேசு'. எந்த டெக்ஸ்ட் புக்குலயும் கிடைக்காத சிலபஸ் பாஸ் அது!

இந்த இடத்துலதான் எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தார். தமிழ்த் தாத்தான்னு தலைப்பாகையோட போட்டோல பார்த்திருப்போம். அவரும் ஒரு காலத்துல புது வாத்தியார்தானே! 1880 பிப்ரவரியில கும்பகோணம் அரசுக் கல்லூரியில சேர்றப்ப அவருக்கு 25 வயசுகூட முழுசா ஆகலை. அங்கே தமிழ் சொல்லிக் குடுத்துட்டிருந்த தியாகராச செட்டியார் வேலையை விட்டு விலகும்போது, தன்னோட இடத்துக்கு இவரைத்தான் போடணும்னு சிபாரிசு பண்ணினார். ரெண்டு பேருமே மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவர்கள். நம்ம பாஷையில சொன்னா, ஜூனியருக்கு நோட்ஸ் குடுக்கிற சீனியர் உண்டு. தன் நாற்காலியையே குடுத்த சீனியர் இவர்!

உ.வே.சா. அந்த நன்றியை வெறும் வார்த்தையில விடலை. பிற்பாடு சென்னை திருவல்லிக்கேணியில இருந்த தன் வீட்டுக்கு, 'தியாகராச விலாசம்'னு பேர் வெச்சார். குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட வாழ்க்கையை ரெண்டு பாகமா எழுதி, 1933, 34-ல வெளியிட்டார். அந்த வீட்டை 2012-ல இடிச்சுட்டாங்க. புத்தகம் இருக்கு. இவர் தமிழ் படிக்கணும்னு ஊர் ஊரா குடும்பத்தோட இடம் மாறின அப்பாவைப் பத்தி, 'என் சரித்திரம்' பக்கம் பக்கமா சொல்லுது.

சரி, மேடம் லிஸ்ட்டுக்கு வருவோம். நாலாவது பேரைக் கேட்டதும் எனக்கு ஷாக். கடைசி பெஞ்ச் பார்ட்டி ஒருத்தன்! ஆப்-ஆம்ப் கிளாஸ்ல திடீர்னு எழுந்து, "விர்ச்சுவல் கிரவுண்ட்ங்கறீங்க. கிரவுண்டோட கனெக்‌ஷனே இல்லாம அங்க எப்படி மேம் ஜீரோ வோல்ட் வரும்?"னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது. மேடம் ரெண்டு செகண்ட் போர்டைப் பார்த்தாங்க. "நாளைக்குச் சொல்றேன்"னாங்க. சொன்ன மாதிரியே மறுநாள் வந்து, அவுட்புட் எப்படி ஃபீட்பேக் வழியா திரும்பி வந்து, ரெண்டு இன்புட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைக் கிட்டத்தட்ட ஜீரோ ஆக்குதுன்னு படிப்படியா போட்டுக் காட்டினாங்க.

"அந்தப் பேப்பர்ல நான் தொண்ணூறுக்கு மேல வாங்கினவ. ஆனா, அன்னிக்கு ராத்திரிதான் எனக்கே அது நெஜமா புரிஞ்சுது. அவன் கேட்கலைன்னா, நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் மனப்பாடமா ஒப்பிச்சிட்டு இருந்திருப்பேன்."

உ.வே.சா.வுக்கும் இப்படி ஒரு கேள்வி வந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த அதே 1880-ல, அக்டோபர் மாசம். கும்பகோணத்துக்கு முன்சீப்பா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு விசாரிச்சார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ்னு பெரிய லிஸ்ட்டே சொன்னார். முதலியார் அசரலை. சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேட்டார். படிச்சதில்லை! அந்த ஒரு கேள்விதான் அவரை ஏட்டுச்சுவடிகள் பின்னாடி ஓட வெச்சது. 1887-ல சிந்தாமணி அச்சுல வந்தது.

வேலை வாங்கிக் குடுத்தவருக்கு எவ்வளவு நன்றியோ, பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவருக்கும் அவ்வளவு நன்றி. எட்டு மாச அனுபவமுள்ள வாத்தியாரை உ.வே.சா.வா மாத்தினதுல அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக மக்களே, உங்க கிளாஸுக்கும் புதுசா யாராச்சும் வந்திருப்பாங்க. கை நடுங்க அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க. போர்டுல மைனஸ் போட மறப்பாங்க. ஓட்டுறதுக்கு ஆயிரம் சான்ஸ் கிடைக்கும். ஓட்டுங்க, வேணாம்னு சொல்லலை, நமக்கு அது பிறப்புரிமை! ஆனா, செமஸ்டருக்கு ஒரு தடவையாவது நெஜமான டவுட் ஒண்ணு கேளுங்க. "நாளைக்குச் சொல்றேன்"னு அவங்க சொன்னா சிரிக்காதீங்க. மறுநாள் மறக்காம கிளாஸுக்கு வாங்க. பதில் வரும். கூடவே அட்டெண்டன்ஸும் வரும்!