பெட்டியில் கிடந்த கச்சேரி

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில், ஜினீவா ஏரியின் கரையில், மோன்த்ரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1976-ஆம் வருஷத்திலும் அடுத்த வருஷத்திலும் நடந்த இரண்டு கச்சேரிகள் ஒலிநாடாவில் கால் நூற்றாண்டுக்கு மேல் உறங்கிவிட்டு, 2003-இல் பதினேழு இசைத்தட்டுகள் அடங்கிய ஒரு பெரிய பெட்டியின் நடுவே வெளிவந்தன. ஐரோப்பியக் குளிர்ப் பிரதேசத்துச் சமாசாரம் சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டானுக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அந்த மேடையில் நாலு பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மடியில் இருந்தது நம்முடைய மண்பானை.

பானைக்காரர் பெயர் தேட்டகுடி ஹரிஹர விநாயகராம்; உலகம் அவரை 'விக்கு' விநாயகராம் என்று அழைக்கிறது. பக்கத்தில் தபேலாவுடன் ஜாகீர் ஹுஸேன். பிடில் எல். சங்கர். கித்தார் ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயர். இந்தக் கோஷ்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'சக்தி'.

மெக்லாக்லின் அதற்கு முன் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பெயரில், காது செவிடுபடும் மின்சார வாத்தியங்களுடன் ராக் ரஸிகர்களை ஆட்டிப் படைத்தவர். அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். கற்றதன் பலன், மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு மர கித்தாரைக் கையில் எடுத்தார். கித்தாரில் கமகம் பிடிக்காதே, என்ன செய்வது? தந்திகளை வீணையைப்போல் அழுத்தி இழுப்பதற்காக, மெட்டுகளுக்கு இடையே கட்டையைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். குறுக்கே அநுசுரத் தந்திகளையும் போட்டுக்கொண்டார். நம் சங்கீதத்தை ஒரு வாசனைத் திரவியமாகத் தெளித்துக்கொண்ட மேனாட்டார் அநேகர். வாத்தியத்தையே அதற்காக மாற்றிக்கொண்டவர் சிலர்தாம். இரு நாட்டுச் சங்கீதத்தையும் கலக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இன்று மேடையேறும் பெரும்பாலான சரக்கு, சாம்பாரில் சர்க்கரையைக் கொட்டியதைப்போல் இருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம். 'சக்தி'யை அந்தக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை.

விநாயகராமைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். 1966 அக்டோபர் 23-ஆம் தேதி நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் மண்டபத்தில் ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி பாடியபோது கடம் வாசித்தவரும் இவரே. ஆனால் நம் கச்சேரி சம்பிரதாயத்தில் கடத்துக்கு 'உபபக்கவாத்தியம்' என்றுதான் உத்தியோகம். முன்னால் பாடகர், பக்கத்தில் பிடில், எதிரில் மிருதங்கம். கடம் கொஞ்சம் பின்னால். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் மனம் வைத்தால் நாலு நிமிஷம். சபையிலும் சிலர் அந்த நாலு நிமிஷத்தில்தான் காப்பி சாப்பிட எழுந்திருப்பார்கள். 'சக்தி'யில் அதே பானை முன்வரிசைக்கு வந்துவிட்டது. நீண்ட உருப்படிகளில் தபேலாவும் கடமும் ஒன்றுக்கொன்று சமமாக மாறி மாறிப் பேசுகின்றன. தபேலாவின் மணியோசைக்குப் பானையின் வயிற்றிலிருந்து ஒரு 'கும்' என்ற பதில் வரும்போது, வெள்ளைக்காரச் சபையின் ஆரவாரமும் அந்த நாடாவிலேயே பதிந்திருக்கிறது.

'சக்தி' வெளியிட்ட முதல் இசைத்தட்டும் நேர்க் கச்சேரியே. 1975 ஜூலை 5-ஆம் தேதி அமெரிக்காவில் லாங் ஐலண்டு என்னுமிடத்தில் ஒரு கல்லூரியில் நடந்தது. அதில் மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷந்தான் சௌகரியமாக அடங்கும். இவர்களோ ஏறக்குறைய இருபத்தொன்பது நிமிஷத்துக்கு ஒரே உருப்படியை இரண்டாம் பக்கம் முழுவதும் நிரப்பிவிட்டார்கள்! கொலம்பியா கம்பெனியார் பிறகு இரண்டு தட்டுகள் போட்டார்கள். ராக் ரஸிகர்கள் எதிர்பார்த்த இடிமுழக்கம் கிடைக்கவில்லை. 1978-க்குள் கோஷ்டி கலைந்தது.

மூன்று தட்டுகளோடு கதை முடிந்திருக்கவேண்டும். முடியாமல் காப்பாற்றியவர் மோன்த்ரோவில் இருந்த க்ளோட் நோப்ஸ் என்ற மனிதர். அவர் சமையற் கலை படித்தவர். பிறகு ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1967-இல் அங்கே ஒரு ஜாஸ் உற்சவம் ஆரம்பித்தார். ஜாஸ் என்று பெயரே தவிர, ராக் கோஷ்டிகளும் வந்து குவிந்தன. 1971 டிசம்பரில் ஒரு ராக் கச்சேரியின் நடுவே அவ்வூர்க் காஸினோ மண்டபம் முழுவதும் தீப்பற்றி எரிந்ததும், அதைக் கண்ணால் கண்ட டீப் பர்ப்பிள் கோஷ்டி அதையே ஒரு பாட்டாக்கி உலகப் புகழ் பெற்றதும் தனிக் கதை. நமக்கு வேண்டியது வேறு. நோப்ஸ் தம் உற்சவத்தில் நடந்த கச்சேரிகளை வருஷந்தோறும் விடாமல் ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்தார். பதிந்ததோடு நில்லாமல், நாடாக்களை மலைமேல் இருந்த தம் வீட்டில் பத்திரப்படுத்தினார். அப்படிச் சேர்ந்தது ஐயாயிரம் மணி நேரத்துக்கு மேல். 2013 ஜனவரியில் அவர் காலமானார். அதே வருஷம் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்தச் சேகரத்தை 'உலக நினைவு'ப் பதிவேட்டில் சேர்த்தது. பக்கத்து லோஸான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் நாடாக்களைக் கம்ப்யூட்டர் வடிவத்துக்கு மாற்றினார்கள். 2003-இல் வந்த பெட்டியில் 'சக்தி'யின் இரண்டு கச்சேரிகள் இடம்பெற்றதற்கு மூலகாரணம் இந்தச் சமையல்காரரின் பிடிவாதந்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் காருகுறிச்சி என்ற கிராமம் இருக்கிறது. அருணாசலம் அங்கே 1921-இல் பிறந்தார்; திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிக்ஷை பெற்றார்; 1964-இல், நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவருடைய நாகஸ்வரத்தைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்தது 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' சினிமாவினால். எஸ். ஜானகியின் குரலோடு அந்த நாகஸ்வரம் துரத்திப் பிடித்து விளையாடியது சில நிமிஷங்கள். கோயில் வீதியில், நடுநிசிக்கு மேல், தீவட்டி வெளிச்சத்தில் ஒரே ராகத்தை அவர் மணிக்கணக்காக வாசித்ததாகப் பெரியவர்கள் சொல்லும் சங்கீதமோ? தட்டுகள் சில உண்டு. ரேடியோவில் வாசித்தவையும், ரஸிகர்கள் சொந்தச் செலவில் ஸ்பூல் டேப்பில் பிடித்தவையும் கொஞ்சம் உண்டு. மற்றவை யாவும் காற்றோடு போயின. சில நிமிஷ சினிமாப் பாட்டைக்கொண்டு அவரை எடைபோடுவது, தேர்ச் சக்கரத்தின் ஆணியைப் பார்த்துவிட்டுத் தேரைப் பற்றிப் பேசுவதற்குச் சமானம்.

அந்த நாளில் டேப் ரிக்கார்டர் வாங்கப் பணம் ஏது என்று சமாதானம் சொல்லலாம். வாஸ்தவந்தான். ஆனால் 1975-க்குப் பிறகு கேஸட் வீட்டுக்கு வீடு வந்துவிட்டதே? திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடை, கல்யாணம், சபைக் கச்சேரி, வில்லுப்பாட்டு எத்தனையோ கேஸட்டில் ஏறின. அவை இன்று பரண்மேல் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும் பெட்டி, சில வீடுகளில் மறுபடி மேலே ஏறுவதில்லை. பழைய சாமான்காரனோடு போய்விடுகிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் பெருமையோடு கொண்டாடினோம். கடத்துக்குப் பேர்போன ஊராயிற்றே! அந்த மண்ணின் நாதத்தைக் காப்பாற்ற மட்டும் ஸ்விட்ஸர்லாந்தில் ஒருவர் வேண்டியிருந்தது.

நாடா மனிதரைப்போல்தான், அதற்கும் வயதாகும். காந்தத் தூளைப் பிடித்துக்கொண்டிருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கும். 1970, 80-களில் செய்த பல ஸ்பூல்களுக்கு இந்த நோய் உண்டு. அப்படிப்பட்டதை நேரே ஓட்டினால் தூள் உரிந்து சங்கீதமும் கூடவே போய்விடும். நிபுணர்கள் அதைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டி, பசை தாற்காலிகமாக இறுகியதும் ஓட்டிப் பிரதி எடுக்கிறார்கள். வீட்டு அடுப்பில் யாரும் இதைப் பரீட்சை செய்யவேண்டாம்! கேஸட்டுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அதன் சத்துரு பூஞ்சணம். வெள்ளையாய்ப் பூத்திருந்தால், துடைத்துச் சுத்தம் செய்யாமல் கருவிக்குள் போடலாகாது.

இன்னொன்று. 1957 நவம்பர் 29-ஆம் தேதி நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் திலோனியஸ் மங்க், ஜான் கோல்ட்ரேன் என்ற இரண்டு ஜாஸ் மேதைகள் சேர்ந்து வாசித்தார்கள். அமெரிக்க சர்க்கார் வானொலி அதைப் பதிவு செய்தது. நாடா வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் பல வருஷம் கிடந்தது. 2005-இல் லாரி ஆப்பெல்பாம் என்ற நூலக ஊழியர் பழைய நாடாக்களைப் பிரதி எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. காரணம் என்னவென்றால், உறையின்மேல் 'கார்னெகி ஹால் ஜாஸ் 1957' என்று பொதுவாக எழுதியிருந்தார்களே தவிர, கோல்ட்ரேன் பெயரையே காணோம்.

ஆகையால் பரண்மேல் பெட்டி உள்ளவர்கள் முதலில் செய்யவேண்டியது, அதைக் கீழே இறக்கி ஒவ்வோர் உறையின்மேலும் ஊர், கோயில், வருஷம், பாடினவர் பெயர் இவற்றை எழுதிவைப்பது. வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிவிடவேண்டும். பிடில், மிருதங்கம், தவில் வாசித்தவர்களையும் கேளுங்கள். கடம் வாசித்தவர் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் வராது; கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.