கதிரை போதும், விளக்கெரிய வழி சொல்லுங்கள்

எமது பக்கத்துக் கிராமங்களில் வாசகர் வட்டங்களும் சங்க வாசிகசாலைகளும் மூச்சு வாங்கிக் கொண்டிருக்கின்றன. "அரசாங்கத்தின் பிச்சைக்காசு இலக்கியத்துக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு பதில். அது ஸதகா அல்ல. 2024 ஜனவரியில் 18 வீதமாகிவிட்ட வற் வரியாக மீனவனும் வயல்காரனும் கட்டிய பணம். அதைக் கேட்பது உரிமை.

கோளாறு கொடுக்கப்படும் விதத்தில்தான் இருக்கிறது. 1974இல் அறிமுகமான பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் கீழ் சங்கங்கள் கண்டதென்ன? பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசு, பிரதேச செயலகத்துக்கு நடை, ஆண்டு முடிவதற்குள் செலவழித்துத் தீர்க்கும் அவசரம். கடைசியில் பிளாஸ்டிக் கதிரைகளும் ஒலிபெருக்கியும் வரும். வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் பத்திரிகைக்கும் ஒரு சதமும் வராது. கதிரை வந்த அன்றே பொன்னாடை, புகைப்படம். அடுத்த தேர்தலில் அதற்கு வட்டி. வட்டி ஹராம் என்று முழங்கும் நாம் இந்த வட்டியை மட்டும் ஏன் கட்டுகிறோம்?

எந்தச் சங்கத்துக்கு, எதற்காக, எவ்வளவு என்று செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, எழுதிக் கேட்போம்.

கேட்பதற்கு முன் எமது கணக்குப் புத்தகத்தையும் விரித்து வைப்போம். பொதுப்பணம் அமானிதம். சங்கத்துக் கதிரைகள் தலைவர் வீட்டு விறாந்தையில் கிடக்கும்வரை, அதிகாரியைக் கேள்வி கேட்க எமக்கு நாவெழாது.