பேட்டரி போட்ட பேஸ் கிடாரா, போடாததா?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களில் பசங்க எல்லாம் இப்போது கிடார் கேட்கிறார்கள். வயலின், மிருதங்கம், மிஞ்சிப் போனால் கீபோர்டு என்று இருந்த காலம் போச்சு. எங்கள் வீட்டுச் சின்னவன் ஒரு படி மேலே போய் பேஸ் கிடார் கேட்டான். பழி என் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இளையராஜா பாட்டைப் போட்டு, "மேலே வயலினை விடு, அடியிலே ஓடுது பாரு, அதைக் கேளு. அதுதான் சசிதரன்" என்று காட்டிக் கொடுத்தவன் நானே.

போன வாரம் இரண்டு நண்பர்கள் போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், பையனுக்கு பேஸ் வாங்கணும். ஆக்டிவ் பிக்கப் வாங்கறதா, பாசிவ் வாங்கறதா?" தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டிஸ்கி: எனக்கு வாசிக்கத் தெரியாது. பி.காம். முடித்து, இருபது வருஷமாக வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன். ஆனால் பையனோடு ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு பெரிய அடியும் வாங்கியிருக்கிறேன். அது பின்னால் வருகிறது.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். கம்பிக்கு அடியில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் கொஞ்சூண்டு மின்சாரம் பிறக்கும். அது அப்படியே ஒயர் வழியாக ஆம்புக்குப் போனால் பாசிவ். பேட்டரி கிடையாது. கிடாருக்கு உள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி சர்க்யூட்டை, அதாவது ப்ரீஆம்பை, வைத்து அந்த மின்சாரத்துக்குத் தெம்பு ஏற்றி அனுப்பினால் ஆக்டிவ்.

இதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கடையில் 'ஆக்டிவ் பேஸ்' என்று எடுத்துக் காட்டுவதில் பெரும்பாலானவற்றில் பிக்கப் பாசிவ்தான். பின்னால் இருக்கும் ப்ரீஆம்ப் மட்டுமே ஆக்டிவ். பிக்கப்புக்குள்ளேயே சர்க்யூட் வைத்து வருவது வேறு ரகம், இ.எம்.ஜி. கம்பெனி அதற்குப் பேர் போனது. ஆகவே வாங்கும்போது "பிக்கப் ஆக்டிவா, ப்ரீஆம்ப் ஆக்டிவா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பிப்பார்.

நம்ம பாஷையில் சொன்னால், பாசிவ் கிடாரின் டோன் திருகு பற்று மட்டும் எழுதும் கணக்கு. கூர்மையான ஓசையைக் குறைக்கலாம், இல்லாததைக் கூட்ட முடியாது. ஆக்டிவில் வரவும் உண்டு, பற்றும் உண்டு. அடி ஓசை, மேல் ஓசை, பலவற்றில் நடு ஓசை என்று தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். நீளமான ஒயர் போட்டால் பாசிவில் மேல் ஓசை கொஞ்சம் மங்கும். ஆக்டிவில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

அப்படியானால் ஆக்டிவ்தானே உசத்தி? நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் ஒரு எட்டாயிரம் போட்டால் ஆக்டிவ் வருகிறதே, ஒரே தடவை நல்லதாக வாங்கிவிடுவோம் என்று தங்கமணியிடம் வாதாடினேன். "பரண்மேல் இருக்கிற கீபோர்டும் நீங்க ஒரே தடவை நல்லதா வாங்கினதுதான்" என்று பதில் வந்தது :-)

வாங்குவதற்கு முன்னால் எங்கள் சங்கத்துப் பொங்கல் விழா வந்தது. பையனின் மாஸ்டர் தன்னுடைய ஆக்டிவ் பேஸை இரவல் கொடுத்திருந்தார். ஒயரை கிடாரில் செருகினாலே உள்ளே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. வாசித்து முடித்து, ஆம்பை மட்டும் அணைத்துவிட்டு, ஒயரைப் பிடுங்காமல் ஒரு வாரம் அப்படியே சாத்தி வைத்திருந்தோம். உள்ளே இருந்ததோ பழைய பேட்டரி. விழாவில் முதல் பாட்டு ஜோராகப் போனது. இரண்டாவது பாட்டில் கரகரவென்றது, பிறகு சத்தமே இல்லை. பேட்டரி இல்லாமல் ஓட்டும் சுவிட்ச் சில ஆக்டிவ் கிடார்களில் உண்டு, அதில் இல்லை. ஞாயிறு ராத்திரி சதுர பேட்டரிக்கு எங்கே போவது? இருநூறு பேர் முன்னால் பையன் கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றான். தன் விரலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்திருக்கிறான். அதற்கப்புறம் ஒரு மாசம் கிடார் பக்கமே போகவில்லை.

அந்த ஒரு மாசம்தான் எனக்குப் புத்தி வந்தது. முதல் கருவி பிள்ளைக்குத் தைரியம் கொடுக்க வேண்டும். செருகினால் சத்தம் வர வேண்டும். சத்தம் சரியில்லை என்றால் திருகைத் திருப்பாமல் விரலைத் திருத்திக்கொள்ளப் பழக வேண்டும். பாசிவில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

பாசிவ் என்றால் கத்துக்குட்டிக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1960-களில் மோடவுன் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜாமர்சன் வாசித்தது பேட்டரி இல்லாத ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸிலும் பேட்டரி கிடையாது. அந்த பிரிசிஷன் பேஸை 1951-இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் படித்தது கணக்கியல், ஆரம்பத்தில் பார்த்ததும் கணக்கர் வேலை. நம்ம ஜாதி! அதே மனிதர் கால் நூற்றாண்டு கழித்து, 1976-இல் மியூசிக் மேன் கம்பெனியில் ஸ்டிங்ரே என்ற ஆக்டிவ் பேஸையும் கொண்டுவந்தார். ஆக, இரண்டும் ஒரே பட்டறைச் சரக்குதான். சண்டை நம்மிடம்தான்.

ஆக்டிவ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாணி, ஐந்து கம்பி, வாராவாரம் வேறு வேறு மேடை என்று வந்துவிட்டவர்களுக்கு அது நிஜமாகவே கை கொடுக்கும். ஆனால் அது இரண்டாவது கிடாராக இருக்கட்டும். இல்லையென்றால் பாசிவ் கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவில் காலடியில் வைக்கும் ஒரு ப்ரீஆம்ப் பெட்டியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முக்கால்வாசி வசதி வந்துவிடும். ஸ்லாப் மன்னன் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸே பாசிவாகப் பிறந்ததுதான், ப்ரீஆம்ப் பிறகு ஏறியது. பாசிவிலிருந்து ஆக்டிவுக்குப் போக வழி எப்போதும் திறந்திருக்கிறது.

மாற்றல் உத்தியோகக்காரர்களுக்கு இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிறோம். சாமான் வந்து, பிரித்து, பள்ளிக்கூட அட்மிஷன் முடிந்து கிடாரை எடுக்க நாலு மாசம் ஆகும். உள்ளே மறந்துபோன பேட்டரி கசிந்து, தகடு பச்சை பூத்துக் கிடக்கும். ஆக்டிவ் வைத்திருப்பவர்கள் மூட்டை கட்டும்போது தயவுசெய்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தினமும் வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

பையனுக்கு பாசிவ் வாங்கினோம். மிச்சமான எட்டாயிரத்தில் ஒரு சின்ன ஆம்பும், உறையும், மாற்றுக் கம்பியும் வந்தன. இந்தப் பொங்கலுக்கு அதே மேடையில் நாலு பாட்டு வாசித்தான். ஏறுவதற்கு முன்னால், "அப்பா, இதுல பேட்டரி இல்லதானே?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டான். தெரிந்தேதான் கேட்டான்.

உங்கள் வீட்டில் என்ன வாங்கினீர்கள்? ஆக்டிவ்தான் சரி என்பவர்களும் வந்து திட்டலாம். பையனிடம் காட்டுகிறேன்.